கார்ப் பந்தயத்துக்குப் புதியவர் எங்கிருந்து தொடங்குவது? மதுரையிலிருந்து பார்த்த ஆறு வழிகள்

2025 ஜனவரியில் நடந்த துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்த பிறகு, என் உதிரிபாகக் கடைக்கு வருபவர்களின் கேள்வி மாறிவிட்டது. முன்பு மைலேஜ் கேட்டவர்கள் இப்போது, "நானும் ரேஸ் ஓட்டணும்னா எங்கே போகணும், எவ்வளவு ஆகும்?" என்று கேட்கிறார்கள். அண்மையில் ஒரே மாதத்தில் மூன்று பேர் கேட்டார்கள். ஒருவர் இறுதியாண்டு மெக்கானிக்கல் படிக்கும் மாணவர். இன்னொருவர் சொந்தமாக ஒரு ஹேட்ச்பேக் வைத்திருக்கும், நாற்பதை நெருங்கும் வங்கி ஊழியர். மூன்றாமவர் ஒன்பது வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த தந்தை. மூவருக்கும் மூன்று வெவ்வேறு பதில்களைச் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை, இதே கேள்வியோடு நிற்கும் மற்றவர்களுக்கும் பயன்படுமாறு, சற்று விரிவாக எழுதுகிறேன்.

எல்லாப் பந்தயமும் ஒரே பந்தயம் அல்ல

புதியவரின் முதல் குழப்பம் தொலைக்காட்சியிலிருந்து வருகிறது. அங்கே பார்ப்பது ஃபார்முலா ஒன் என்பதால், கார்ப் பந்தயம் என்றாலே இருபதுக்கும் மேற்பட்ட கார்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு முதல் வளைவுக்குள் பாய்வதுதான் என்று அவர் நினைத்துவிடுகிறார். நம் பக்கத்து மாட்டு வண்டிப் பந்தயத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு இதைப் புரிய வைப்பது எளிது. பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனி எல்கை, அதாவது ஓட வேண்டிய தூரம், வைத்துத்தானே ஓட்டுகிறார்கள்? பூஞ்சிட்டைப் பெரிய மாட்டோடு பூட்டி ஓட விடுபவர் யாரும் இல்லை. கார்களும் அப்படித்தான் எஞ்சின் அளவு, அனுமதிக்கப்பட்ட மாற்றங்கள், ஓட்டுபவரின் அனுபவம் ஆகியவற்றை வைத்துப் பிரிக்கப்படுகின்றன. ஒரே தடத்தில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பிரிவுகள் ஓடுவதும் உண்டு. அப்போது முன்னால் போகும் கார் வேறு பிரிவைச் சேர்ந்ததாக இருக்கக்கூடும் என்பதை அறியாதவருக்குப் பந்தயம் ஒரு கூச்சலாகவே தெரியும்.

இரண்டாவது வேறுபாடு, யாரோடு போட்டி என்பது. ஒரே தடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடும் சர்க்யூட் பந்தயத்தில் பக்கத்துக் காரோடு போட்டி. மைதானத்தில் கூம்புகளுக்கிடையே ஓட்டும் ஆட்டோகிராஸிலும், ராலியின் மூடிய சாலைக் கட்டங்களிலும் ஒவ்வொருவராகப் புறப்படுவதால் போட்டி கடிகாரத்தோடு. டி.எஸ்.டி. எனப்படும் நேர-வேக-தூர ராலியில், வேகமாகப் போனால் தண்டம்; குறித்த நொடியில் போய்ச் சேருவதுதான் வெற்றி. தனக்குப் பிடித்தது இம்மூன்றில் எது என்று தெரியாமல் பணம் கட்டுவதுதான் புதியவர் செய்யும் முதல் வீண்செலவு.

எதை வைத்து எடைபோடுவது

நான் நான்கு அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன். முதலாவதும் முக்கியமானதும், ஒரு தவறின் விலை என்ன என்பது. கற்றுக்கொள்பவர் தவறு செய்தே தீருவார். அந்தத் தவறுக்கு ஒரு பிளாஸ்டிக் கூம்பு விலையா, ஒரு பம்பர் விலையா, ஒரு கார் விலையா என்பதைப் பொறுத்தே அவர் துணிந்து கற்பாரா, பயந்து நிறுத்துவாரா என்பது அமையும். இரண்டாவது, செலவிடும் ரூபாய்க்கு எத்தனை நிமிடம் ஸ்டீயரிங் கையில் இருக்கிறது என்பது. மூன்றாவது, மதுரையிலிருந்து தூரம். நான்காவது, நுழைவுக் கட்டணத்தில் எழுதப்படாமல் பின்னால் வரும் செலவு. காரின் வேகம் இந்தப் பட்டியலில் இல்லை, வேண்டுமென்றேதான் விட்டேன்.

பொதுச் சாலையும் இந்த ஒப்பீட்டில் இல்லை. நத்தம் சாலையில் 2023இல் திறக்கப்பட்ட 7.3 கிலோமீட்டர் மேம்பாலம் நள்ளிரவில் வெறிச்சோடிக் கிடக்கும்போது சிலருக்குக் கால் அரிக்கிறது என்பது எனக்குத் தெரியும். மாநில அரசின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றிப் பொது இடத்தில் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், நேரான பாலத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதால் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. பந்தயம் வளைவுகளில்தான் இருக்கிறது.

1. வீட்டுச் சிமுலேட்டர்

ஸ்டீயரிங், மிதிகள், கணினி ஆகிய மூன்றும் இருந்தால் போதும். தவறின் விலை பூஜ்யம். தூரம் மாடிப்படி அளவு. தடத்தின் வளைவுகளை மனப்பாடம் செய்யவும், கொடிகளின் பொருளையும் பந்தய ஒழுங்கையும் பழகவும் இதைவிட மலிவான வழி இல்லை. 2011இல் ஜி.டி. அகாடமி என்ற சிமுலேட்டர் போட்டியில் வென்ற ஜான் மார்டன்பரோ, இரண்டே ஆண்டுகளில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் உண்மையான கார் ஓட்டினார்.

இதில் கிடைக்காதது, முதுகில் உணரும் செய்தி. கார் வழுக்கத் தொடங்குவதைக் கண்ணுக்கு முன் இடுப்பு அறிந்துகொள்ளும். திரைக்கு முன் உட்கார்ந்திருப்பவரின் இடுப்புக்கு எந்தத் தகவலும் வராது. மறைமுகச் செலவு என்று பார்த்தால், மேசையில் இறுக்கிய ஸ்டீயரிங் ஆடத் தொடங்கியதும் தனிச் சட்டகம், பிறகு நல்ல பிரேக் மிதி, பிறகு பெரிய திரை என்று ஒன்றன்பின் ஒன்றாக வாங்குவதுதான். இதில் மட்டும் ஒரு லட்சத்தைத் தாண்டியவர்களை அறிவேன். அவர்களில் ஒருவர்கூட இன்னும் எந்தத் தடத்திலும் கால் வைக்கவில்லை.

2. கார்ட்டிங்

பலரும் இதைக் குழந்தைகள் விளையாட்டு என்று தள்ளிவிடுகிறார்கள். ஆறு வழிகளில் ரூபாய்க்கு அதிகம் கற்றுத்தருவது இதுதான் என்பது என் கருத்து.

கார்ட் என்பது குழாய்களை வளைத்துச் செய்த ஒரு சட்டகம், நான்கு சிறு சக்கரங்கள், இருக்கையை ஒட்டி ஒரு எஞ்சின், அவ்வளவுதான். வாடகைக் கார்ட்டில் இருப்பது பெரும்பாலும் பம்புசெட்டுக்குப் பயன்படும் வகையைச் சேர்ந்த நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின். சஸ்பென்ஷன் கிடையாது, வளைவில் இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியலும் கிடையாது. பின் அச்சு ஒரே தண்டு என்பதால் இரண்டு பின்சக்கரங்களும் எப்போதும் ஒரே வேகத்தில் சுழலும். வளைவில் வெளிச்சக்கரம் அதிகத் தூரம் ஓட வேண்டுமே, அது எப்படி? உட்பக்கப் பின்சக்கரம் தரையிலிருந்து சற்றே தூக்க வேண்டும். அப்போதுதான் வண்டி திரும்பும். எடையை எந்தச் சக்கரத்தின் மீது, எந்த நொடியில் வைக்கிறோம் என்பதே பந்தயக் கலையின் அடிப்படை என்பதைப் புத்தகம் இல்லாமல் கார்ட் கற்றுத்தந்துவிடுகிறது.

பிரேக் பெரும்பாலும் பின் அச்சில் மட்டுமே இருக்கும். எனவே வளைவின் நடுவில் பிரேக்கை அழுத்தினால் வண்டி பம்பரமாகச் சுழலும். நான் முதன்முதலாக ஓட்டியபோது முதல் ஐந்து சுற்றுகளில் மூன்று முறை ஒரே வளைவில் சுழன்று நின்றேன். ஒவ்வொரு முறையும் வண்டியைத் தள்ளித் திருப்பிவிட்ட பையன், மூன்றாம் முறை ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னான்: "அண்ணே, வளைவுக்குள்ள வந்து பிரேக்கைத் தேடாதீங்க. வெளியிலயே முடிச்சுட்டு உள்ள வாங்க." இருபது வயதுகூட இருக்காத அந்தப் பையன் சொன்ன அந்த ஒரு வரியைத்தான் எல்லாப் பந்தயப் பள்ளிகளும் முதல் நாளில் கரும்பலகையில் வரைந்து விளக்குகின்றன.

வளைவில் எந்தக் கோட்டில் போவது என்பதும் இங்கேதான் பிடிபடும். குறுகிய தெருமுனையில் திரும்பும் டவுன் பஸ் ஓட்டுநர், வண்டியை முதலில் எதிர்ப்பக்கம் ஒதுக்கி, பிறகு முனையை ஒட்டி உள்ளே வெட்டி, மீண்டும் அகன்று வெளியேறுவதைத் தினமும் பார்க்கிறோம். அவர் இடத்துக்காகச் செய்கிறார். பந்தயக்காரர் வேகத்துக்காகச் செய்கிறார். வெளியிலிருந்து தொடங்கி, உள்முனையைத் தொட்டு, வெளியே முடித்தால் அதே வளைவு பெரிய வட்டத்தின் ஒரு துண்டாகிவிடும்; வட்டம் பெரிதானால் அதிக வேகத்தைத் தாங்கும். அந்த உள்முனையைத்தான் ஏபெக்ஸ் என்கிறார்கள்.

வாடகைத் தடத்தில் ஒரு சில நிமிட ஓட்டத்துக்குச் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். டயர் தடுப்பில் மோதினால் பெரும்பாலும் மானம் மட்டுமே போகும். ஆனால் மறுநாள் காலையில் விலா எலும்பு வலிக்கும். சஸ்பென்ஷன் இல்லாததால் தடத்தின் ஒவ்வொரு மேடும் இருக்கையின் விளிம்பு வழியாக விலாவுக்குத்தான் வந்து சேர்கிறது. தொடர்ந்து ஓட்ட நினைப்பவர் விலாக் கவசம் ஒன்றை முதலில் வாங்க வேண்டும்.

உண்மையான செலவு, வாடகைக் கார்ட்டை விட்டுப் போட்டிக் கார்ட்டுக்கு மாறும்போது தொடங்குகிறது. ரோட்டாக்ஸ் மேக்ஸ் வகை எஞ்சின் 125 சிசி இரண்டு ஸ்ட்ரோக். பெரியவர்களுக்கான பிரிவில் ஏறத்தாழ 30 குதிரைத் திறன் தரும். இத்தனை மணி நேரம் ஓடினால் பிரித்துக் கட்ட வேண்டும் என்ற கணக்கு அதற்கு உண்டு. டயர்கள் பந்தய வாரத்துக்குப் பந்தய வாரம் தீரும். மெக்கானிக் கூலி, தங்குமிடம், கார்ட்டை ஏற்றிச் செல்லும் வண்டி என்று சேர்த்தால், கார்ட் வாங்கிய விலை சின்னதாகத் தோன்றும். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தை ஒட்டியே கார்ட்டிங் தடமும் இருக்கிறது; மதுரையிலிருந்து போட்டிக்குப் போகும் குடும்பம் அந்தத் தூரத்தையும் பள்ளி விடுமுறைகளையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

3. ஆட்டோகிராஸ்

திறந்த மைதானத்தில் கூம்புகளை வைத்துத் தடம் அமைத்து, ஒவ்வொரு காராக விட்டு, நேரம் பார்ப்பது ஆட்டோகிராஸ். கூம்பைத் தட்டினால் நேரத்தோடு தண்ட நொடிகள் சேரும். எதிரில் வேறு கார் இல்லை. மோதுவதற்குச் சுவரும் இல்லை. சொந்தக் காரிலேயே இறங்கலாம் என்பது இதன் பெரிய கவர்ச்சி.

குறை, நேரம். ஒரு ஓட்டம் ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். நாள் முழுக்க வெயிலில் காத்திருந்து நான்கு ஓட்டம் கிடைத்தால், மொத்தமாக ஸ்டீயரிங் பிடித்தது ஐந்தாறு நிமிடம்தான். அதனால் இங்கே உண்மையில் கற்பது காருக்குள் அல்ல, ஓட்டத்துக்கு முன் தடத்தை நடந்து பார்க்கையில்தான். ஒவ்வொரு கூம்பையும் குனிந்து, காரில் உட்கார்ந்திருக்கும் கண்ணின் உயரத்திலிருந்து பார்க்க வேண்டும். நின்றுகொண்டு பார்க்கும்போது தெளிவாகத் தெரிந்த வழி, இருக்கையிலிருந்து பார்க்கையில் மறைந்துபோகும்.

நம் பக்கத்தில் இது பெரும்பாலும் மண்தடம்தான். செம்மண் புழுதி ஏர் ஃபில்டரை ஒரே நாளில் அடைத்துவிடும். புறப்படும்போது கிளட்ச்சை வதைப்பதும், டயரின் ஓரம் தேய்வதும் அடுத்த மாதச் செலவாக வரும். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் நிலத்தில் மழை பெய்த மறுநாள் கார் ஓட்ட நினைப்பவர், இழுக்க டிராக்டரையும் கூடவே கூட்டிவர வேண்டும். கோடையில் வற்றிக் கிடக்கும் கண்மாயைப் பார்த்துவிட்டு, "இங்கேயே பழகலாமே" என்று கேட்டார் அந்த மாணவர். கண்மாய் ஊர்ச் சொத்து. கரையைச் சிதைத்தால் அந்த ஊரே திரண்டு வரும், வரவும் வேண்டும். அமைப்பாளர், முதலுதவி வண்டி, தேசிய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் அனுமதி ஆகிய மூன்றும் உள்ள நிகழ்ச்சிக்கு மட்டும் போவது நல்லது.

4. டி.எஸ்.டி. ராலி

மாட்டு வண்டியில் சாரதிக்குத் துணையாகப் பின்சாரதி இருப்பதுபோல, இங்கே ஓட்டுபவருக்குப் பக்கத்தில் வழிகாட்டுபவர் ஒருவர் இருப்பார். கையில் டியூலிப் சார்ட் என்னும் குறிப்பு; ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சந்திப்பின் சிறு படமும், அதுவரை உள்ள தூரமும் இருக்கும். கொடுக்கப்பட்ட சராசரி வேகத்தில் சென்று, எங்கே இருக்கிறது என்று முன்கூட்டித் தெரியாத சோதனைச் சாவடிகளைச் சரியான நொடியில் கடக்க வேண்டும். தாமதமானாலும் தண்டம், முந்தினாலும் தண்டம்.

கணக்கு எளியது; ஆனால் ஓடிக்கொண்டே போட வேண்டும். சராசரி மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 10 மீட்டர், கிலோமீட்டருக்கு 100 நொடி. 12.4 கிலோமீட்டரில் உள்ள சாவடிக்கு 20 நிமிடம் 40 நொடியில் போக வேண்டும். வழியில் ஆட்டுமந்தை ஒன்று சாலையை மறித்து 40 நொடி நிறுத்திவிட்டால், நீங்கள் இருக்க வேண்டிய இடத்துக்கு 400 மீட்டர் பின்னால் இருக்கிறீர்கள். அதை அடுத்த சில கிலோமீட்டரில், சாலை வேக வரம்பை மீறாமல், சிறிது சிறிதாக மீட்க வேண்டும். ஓட்டுபவர் பதறி ஒரேயடியாக மீட்கப் பார்த்தால், சாவடி அடுத்த திருப்பத்திலேயே இருந்து, முந்தி வந்ததற்குத் தண்டம் விழும்.

இதில் புதியவர்கள் கவனிக்காத பொறி ஓடோமீட்டர். அமைப்பாளரின் அளவைவிட உங்கள் மீட்டர் நூற்றுக்கு ஒரு பங்கு தவறாகக் காட்டினால், 100 கிலோமீட்டரில் ஒரு கிலோமீட்டர் பிசகும். மேற்சொன்ன வேகத்தில் அது 100 நொடி. தேய்ந்த டயர், அளவு மாற்றிய டயர், காற்றழுத்தக் குறைவு என்று எல்லாமே அந்த மீட்டரை மாற்றும். ஆகவே தொடக்கத்தில் கொடுக்கப்படும் அளவுத் தூரத்தை ஓட்டிப் பார்த்து, திருத்தக் கணக்கை எழுதிவைத்துக்கொண்ட பிறகே மற்ற எதையும் தொட வேண்டும்.

காருக்குச் சேதம் மிகக் குறைவு. குடும்பக் காரே போதும். மறைமுகச் செலவு பெட்ரோலும், பக்கத்து இருக்கைக்காரரின் பொறுமையும்தான். கணவன் மனைவியாகப் போகிறவர்கள், முதல் அரைமணி நேரத்தில் வழி தவறினால் யார் யாரைக் குறைசொல்வதில்லை என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுப் புறப்படுவது உத்தமம். வேகமாக ஓட்டும் திறன் இதில் வளராது. ஆனால் அட்டவணை, சாவடி, தண்டப்புள்ளி, பரிசோதனை என்று பந்தய நிர்வாகத்தின் மொழி முழுவதும் ஒரே நாளில் பழகிவிடும்.

5. சொந்தக் காரில் ட்ராக் டே

கட்டணம் கட்டி, பந்தயம் இல்லாத நாளில், சொந்தக் காரைத் தடத்தில் ஓட்டுவது. மதுரைக்கு அருகில் உள்ள பெரிய தடம் கோவை செட்டிபாளையத்தில் உள்ள காரி மோட்டார் ஸ்பீட்வே. நீளம் ஏறத்தாழ 2.1 கிலோமீட்டர். திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாகப் போனால் சுமார் 210 கிலோமீட்டர். போக வர 420 கிலோமீட்டருக்கு, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் காரில், 28 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் தடத்தைத் தொடும் முன்னரே 2,800 ரூபாய்.

கேட்பவர்களில் பாதிப் பேர் இந்த வழியைத்தான் மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். முதல் படியாக இதை நான் யாருக்கும் சொல்வதில்லை. காரணம் என் சொந்த அனுபவம். பத்து வயதான என் பெட்ரோல் ஹேட்ச்பேக்கைப் புது டயரும் புது பிரேக் பேடும் போட்டுத் தடத்துக்குக் கொண்டுபோனேன். ஐந்தாம் சுற்றில், நேர்ப்பாதையின் முடிவில் பிரேக்கை மிதித்தபோது மிதி பஞ்சுபோல் உள்ளே போய்த் தரையைத் தொட்டது. விட்டு விட்டு மூன்று முறை மிதித்த பிறகுதான் சிறிது பிடித்தது. அதற்குள் கார் தடத்தை விட்டு இறங்கி, மண்ணில் உழுது நின்றது. சேதம் இல்லை. ஆனால் காரை விட்டு இறங்கி நின்றபோது முழங்கால்கள் சொன்னபடி கேட்கவில்லை.

நடந்தது இதுதான். வேகம் இரட்டிப்பானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். நகரத்தில் ஒரு நாளில் உண்டாகும் வெப்பம் தடத்தில் சில சுற்றுகளிலேயே உண்டாகிவிடுகிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. டாட் 4 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகும். ஆவி அழுந்தும் என்பதால் மிதி உள்ளே போகிறதே தவிர பிரேக் பிடிப்பதில்லை. பேடு மாற்றிய நான், சில நூறு ரூபாய் பெறும் ஆயிலை மாற்றவில்லை. உதிரிபாகக் கடைக்காரனே செய்த தவறு என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

அதைவிடப் பெரிய மறைமுகச் செலவு இன்ஷூரன்ஸ். உங்கள் பாலிசித் தாளில் வாகனப் பயன்பாட்டு வரம்பு பற்றிய பகுதியைப் படித்துப் பாருங்கள். ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, நம்பகத்தன்மைச் சோதனை ஆகியவற்றுக்கு வாகனத்தைப் பயன்படுத்தினால் பாதுகாப்பு இல்லை என்று இருக்கும். தடத்தில் கார் உருண்டால் முழுச் செலவும் உங்களுடையது. கோவையிலிருந்து மதுரைக்கு லாரியில் ஏற்றிவரும் வாடகையும் உங்களுடையது. திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் பேருந்தில் போவதும் நீங்கள்தான். ஆட்டோகிராஸ், டி.எஸ்.டி. ஆகியவற்றுக்குப் போகிறவர்களும் இந்தப் பகுதியைப் படித்துக் காட்டி, இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஏற்கனவே கார்ட்டிலோ பயிற்சிப் பள்ளியிலோ பிரேக் இடும் பழக்கம் கைவந்தவருக்கு, இழந்தாலும் தாங்கக்கூடிய பழைய இரண்டாவது கார் ஒன்று இருந்தால், இதைவிட இன்பமான ஞாயிற்றுக்கிழமை இல்லை.

6. பயிற்சிப் பள்ளியும் ஒரே வகைக் கார்ப் பந்தயமும்

செட்டிபாளையத் தடத்துக்குப் பெயர் தந்த எஸ். கரிவரதன் கோவைக்காரர். மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை இங்கேயே வடிவமைத்து, பணக்காரர்கள் இறக்குமதிக் கார்களில் ஓட்டிய விளையாட்டைச் சாதாரண இளைஞர்களின் பக்கம் கொண்டுவந்தவர். 1995இல் விமான விபத்தில் இறந்தார். எல்லாருக்கும் ஒரே கார், ஒரே எஞ்சின், வேறுபாடு ஓட்டுபவரிடம் மட்டும் என்ற அந்த எண்ணம்தான் இன்றைய ஒரே வகைக் கார்த் தொடர்களில் தொடர்கிறது. 1300 சிசி எஞ்சின் பூட்டிய எல்ஜிபி ஃபார்முலா 4 கார்களில் புதியவர்களுக்கென்றே தனிக் கோப்பையும் நடத்தப்பட்டு வருகிறது.

பள்ளி என்பது பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் பயிற்சி. காரும் மெக்கானிக்கும் அவர்களுடையது. வகுப்பு, தடத்தில் ஓட்டம், திரும்பி வந்து தவறுகளைப் பேசுதல் என்று போகும். 2005இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனே 1992இல் பிரான்ஸில் எல்ஃப் வின்ஃபீல்டு பந்தயப் பள்ளிக்குப் போய்விட்டு வந்து, 1993இல் ஃபார்முலா மாருதி ஓட்டியவர்.

ஒரு நாள் கட்டணத்தை மட்டும் பார்த்தால் இது ஆறிலும் விலை கூடியதாகத் தெரியும். ஆனால் சொந்தக் காரின் டயர், பிரேக், இன்ஷூரன்ஸ் இழப்பு, லாரி வாடகை எதுவும் இதில் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் உள்ள 3.717 கிலோமீட்டர் மெட்ராஸ் சர்வதேசத் தடத்துக்கு மதுரையிலிருந்து ஏறத்தாழ 450 கிலோமீட்டர். சொந்தக் காரில் என்றால் சிங்கப்பெருமாள்கோவிலில் பிரிந்து ஒரகடம் வழியாகப் போய்ச் சேர்வதற்குள் ஒரு நாள் போய்விடும். பள்ளிக்குப் போகிறவர் ஹெல்மெட் பையை மட்டும் எடுத்துக்கொண்டு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி விடியற்காலையில் தாம்பரத்தில் இறங்கிக்கொள்ளலாம்.

பள்ளிக்குப் பிறகு தொடரில் இடம் வாங்க நினைப்பவர், கையெழுத்திடும் முன் சேத விதியைப் படிக்க வேண்டும். இருக்கைக் கட்டணம் ஒன்று. மோதினால் கட்ட வேண்டிய தொகை வேறொன்று. முன் இறக்கையும் சஸ்பென்ஷன் கையும் உடைந்தால் எவ்வளவு, மற்றவர் வந்து இடித்தாலும் நான்தான் கட்ட வேண்டுமா என்பதை எழுத்தில் கேளுங்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய எஃப்.எம்.எஸ்.சி.ஐ. போட்டி உரிமம், மருத்துவச் சான்று ஆகியவையும் உண்டு.

ஹெல்மெட் பற்றி ஒரு வார்த்தை

பைக் ஹெல்மெட்டைக் கொண்டுபோகலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்னெல் முத்திரையின் எழுத்தைப் பாருங்கள். எம் என்றால் மோட்டார் சைக்கிளுக்கு, கே என்றால் கார்ட்டிங்குக்கு, எஸ்.ஏ. என்றால் காருக்கு. எஸ்.ஏ. வகையின் உட்துணி தீயைத் தாங்கும். கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவியைப் பொருத்தவும் அதில் வசதி இருக்கும். கார்ட்டோடு நின்றுவிடப் போகிறவர் எஸ்.ஏ. வாங்கிப் பணத்தை முடக்க வேண்டாம். காருக்குப் போகிறோம் என்று தெரிந்தவர் மலிவுக்காகக் கே வாங்கி இரண்டு முறை செலவு செய்யவும் வேண்டாம்.

ஒரே பார்வையில்

| வழி | தவறின் விலை | கையில் கிடைக்கும் நேரம் | பின்னால் வரும் செலவு |
|---|---|---|---|
| சிமுலேட்டர் | இல்லை | எவ்வளவு வேண்டுமானாலும் | கருவி மேல் கருவி வாங்குவது |
| வாடகைக் கார்ட் | மிகக் குறைவு | அதிகம் | விலா வலி. போட்டிக்கு மாறினால் எஞ்சினும் டயரும் |
| ஆட்டோகிராஸ் | குறைவு | சில நிமிடங்கள் | ஏர் ஃபில்டர், கிளட்ச், டயர் |
| டி.எஸ்.டி. | குறைவு | நாள் முழுவதும், ஆனால் மெதுவாக | பெட்ரோல் |
| சொந்தக் கார் ட்ராக் டே | காரே போகலாம் | நடுத்தரம் | பிரேக், டயர், இன்ஷூரன்ஸ் இல்லாமை, லாரி |
| பள்ளி, ஒரே வகைக் கார் | விதியில் எழுதியபடி | நடுத்தரம், ஆனால் பிழைதிருத்தத்தோடு | சேதத் தொகை, உரிமம், பயணம் |

மூவருக்கும் சொன்னது

மாணவரிடம் பணம் இல்லை, நேரம் இருக்கிறது. அட்டவணையில் இல்லாத ஏழாவது வழி ஒன்றை அவருக்குச் சொன்னேன்: பந்தய வார இறுதிகளில் தடத்தில் கொடி காட்டும் மார்ஷலாகத் தன்னார்வத்தில் நிற்பது. மஞ்சள் கொடி என்றால் ஆபத்து, முந்தக் கூடாது. நீலம் என்றால் பின்னால் வேகமான கார் வருகிறது. மஞ்சளில் சிவப்புக் கோடுகள் என்றால் தடத்தில் எண்ணெய் அல்லது வழுக்கல். சிவப்பு என்றால் பந்தயம் நிறுத்தம். இவற்றைப் பட்டியலாகப் படித்தவர் மறந்துவிடுவார். ஒரே வளைவில் நாள் முழுக்க நின்று, முன்னணிக்காரர் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பிரேக் இடுவதையும், கடைசியில் வருபவர் ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு இடத்தில் இடுவதையும் பார்த்தவர் மறக்க மாட்டார். சேமித்த காசுக்கு வாடகைக் கார்ட்.

வங்கி ஊழியர் தன் காரைச் செட்டிபாளையத்துக்குக் கொண்டுபோகத் தயாராக வந்திருந்தார். கடன் தவணை இன்னும் மூன்று ஆண்டுகள் பாக்கி என்று அவரே பேச்சுவாக்கில் சொன்னதும், பாலிசித் தாளை எடுத்துவரச் சொன்னேன். படித்து முடித்துவிட்டு, டி.எஸ்.டி. பற்றி மறுபடியும் சொல்லச் சொன்னார். வேகத்தையும் ருசிபார்க்க வேண்டும் என்றால், காருக்குச் செலவிட வைத்திருந்த தொகையில் ஒரு முறை பள்ளிக்குப் போய் வரலாம் என்பது என் யோசனை. அதற்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

தந்தையிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: பாப்பாவின் உயரம் என்ன? சிறுவர் கார்ட்டுக்கு ஒவ்வொரு தடமும் ஒரு குறைந்தபட்ச உயரம் வைத்திருக்கும். இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்த நிலையில், முழங்கால் முழுவதும் நீளாமல் பிரேக் மிதி அடிவரை எட்டினால்தான் அவள் ஓட்டலாம். அவருக்குத் தெரியவில்லை. டேப்பை எடுத்துக் கடை நிலைப்படியில் நிற்க வைத்து அளந்தோம். நான்கு அடி இரண்டு அங்குலம். தந்தை அந்த எண்ணைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டிருந்தபோது, அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, "இப்ப சரியா அளங்க மாமா" என்று மறுபடியும் நிலைப்படியில் போய் நின்றாள்.